விருந்தினர் யார், வீட்டுக்குரியவர் யார்?

கலைஞன் முதுமை எய்தியதும் மேடையை விட்டு இறங்கிவிட வேண்டும் என்ற கருத்து நம்மவர் பலரிடம் வேரூன்றியிருக்கிறது. உழைப்பு அனைத்தையும் ஓய்வூதியத்தோடு முடிந்துபோகும் உத்தியோகமாகக் காணும் மனப்பான்மையே இதற்குக் காரணம். தச்சனுக்கும் கொல்லனுக்கும் நாம் இவ்விதியை விதிப்பதில்லை. கை நடுங்கும் வயதிலும் உளி பிடிக்கும் தச்சனைக் கண்டு வியக்கிறோம். குரல் தளர்ந்த பாடகனைக் கண்டால் மட்டும் நகைக்கிறோம். எண்பது வயதில் ஒருவர் புதிய இசைத்தட்டு வெளியிடும்போது, ‘இன்னும் எதற்கு?’ என்று கேட்பது எளிது. யாருடன் சேர்ந்து பாடுகிறார், யாருடைய பாட்டைப் பாடுகிறார், அதன் பலன் யாரைச் சென்றடைகிறது என்று கேட்பதே விமர்சனத்துக்குரிய வேலை.

மேனாட்டு ரொக் இசையின் முதுபெரும் கலைஞர்கள் சிலர், பிற கலைஞர்களை விருந்தினராக அழைத்து, அண்மைக் காலத்தில் புதிய இசைத்தட்டுகளை வெளியிட்டு வருகின்றனர். ஓரிரு பாடல்களுக்கு மட்டும் வந்து பாடியோ வாசித்தோ செல்பவர்களே இவ்விருந்துக் கலைஞர்கள். அட்டனிலும் தலவாக்கலையிலும் நுவரெலியாவிலும் வாழும் ஆசிரியரும் மாணவரும் இதைப்பற்றி ஏன் சிந்திக்க வேண்டும்? காரணம் உண்டு. அந்த இசையின் வேர் இலண்டனில் இல்லை. அமெரிக்கத் தென்மாநிலங்களின் பருத்தித் தோட்டங்களில் இருக்கிறது. தோட்டத்துப் பாட்டு உலகச் சந்தைக்குச் சென்றபோது பாடியவனுக்கு என்ன கிடைத்தது என்பது, தேயிலைத் தோட்டத்து மக்களாகிய நமக்கு அந்நியமான கேள்வியன்று.

‘றோலிங் ஸ்டோன்ஸ்’ குழுவினர் 2023 ஒக்டோபரில் ‘ஹாக்னி டயமண்ட்ஸ்’ என்ற இசைத்தட்டை வெளியிட்டனர். தாமே இயற்றிய புதிய பாடல்களைக் கொண்டு அவர்கள் வெளியிட்ட இசைத்தட்டு, 2005ஆம் ஆண்டுக்குப் பின் இதுவே முதலாவது. பாடகர் மிக் ஜாகருக்கு அப்பொழுது 80 வயது. போல் மக்கார்ட்னி, எல்ற்றன் ஜோன், ஸ்டீவி வொண்டர், லேடி காகா ஆகியோர் இதில் விருந்தினராயினர். குழுவை விட்டு நீண்ட காலத்துக்கு முன்னரே விலகிய பில் வைமன் ஒரு பாடலுக்குத் திரும்பி வந்தார். 2021இல் காலமான சார்லி வொட்ஸின் முரசொலியும் முன்னரே பதிவாகியிருந்த இரு பாடல்களில் ஒலிக்கிறது. 2025 பெப்ரவரியில் இந்த இசைத்தட்டு கிராமி விருதும் பெற்றது.

இதை விமர்சிக்கப் புகும்போது நேர்மை வேண்டும். முதியோர் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடத்தக்க படைப்பு அன்று இது. ‘ஸ்வீட் சவுண்ட்ஸ் ஒஃப் ஹெவன்’ என்ற பாடலில் லேடி காகாவின் குரல் ஜாகரின் குரலோடு மோதும்போது அந்த முதிய குரல் பின்வாங்கவில்லை. ஸ்டீவி வொண்டரின் விரல்கள் இருவருக்கும் அடியிலிருந்து பாட்டைத் தாங்குகின்றன. கேட்பவர் உள்ளம் எழும்புகிறது. ஆனால் இதே இசைத்தட்டில் வேறு சில பாடல்கள் நாற்பது ஆண்டுகளுக்கு முந்திய தங்கள் வெற்றிகளையே நகல் எடுக்கின்றன. அங்கே விருந்தினரின் பெயர் அட்டைக்கு அலங்காரமாகிறதேயன்றிப் பாட்டுக்கு உரமாகவில்லை. மக்கார்ட்னி வாசிக்கிறார் என்று சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

இசைக் கம்பெனிகளுக்கு இதில் ஒரு கணக்கு உண்டு. முதியவரின் இரசிகர் முதியவர்கள். இளையவரின் இரசிகர் இளைஞர்கள். இருவரையும் ஒரே தட்டில் சேர்த்துவிட்டால் இரண்டு சந்தைகள் ஒரே கடையில் கூடும். கார்லோஸ் சந்தானா 1999இல் இளைய பாடகர் பலரைச் சேர்த்து வெளியிட்ட ‘சூப்பர்நேச்சுரல்’ இக்கணக்கு எவ்வளவு இலாபகரமானது என்பதை உலகுக்கே காட்டியது. அன்றிலிருந்து விருந்து ஒரு வியாபார முறையாகவே நிலைபெற்றுவிட்டது. சந்தையின் கணக்கு இருப்பதாலேயே ஒரு படைப்பு போலி என்று நாம் தீர்ப்புக் கூறுவதற்கில்லை. கலைஞரும் உண்டு வாழ வேண்டியவரே. ஆனால் கணக்கு எங்கே முடிகிறது, கலை எங்கே தொடங்குகிறது என்பதைப் பிரித்தறிய வேண்டியது நம் பொறுப்பு.

‘ஹாக்னி டயமண்ட்ஸ்’ அதற்குத் தானே ஒரு வழியைக் காட்டுகிறது. அதன் இறுதிப் பாடலில் விருந்தினர் எவரும் இல்லை. ஜாகரும் கீத் ரிச்சர்ட்ஸும் மட்டும், ஒரு கிற்றாருடனும் ஒரு வாயிசைக் கருவியுடனும், பழைய பாடல் ஒன்றைப் பாடுகின்றனர். மட்டி வோட்டர்ஸ் என்ற கறுப்பினப் பாடகர் 1950இல் பதிவு செய்த பாடல் அது. அதன் தலைப்பிலிருந்தே இக்குழு 1962இல் தன் பெயரை எடுத்துக்கொண்டது. 1961இல் ஒரு புகையிரத நிலையத்தில் ஜாகரும் ரிச்சர்ட்ஸும் சந்தித்து நண்பர்களானபோது ஜாகரின் கையில் இருந்ததும் மட்டி வோட்டர்ஸின் இசைத்தட்டே. அறுபது ஆண்டுகளுக்குப் பின்னர், எல்லா விருந்தினரும் எழுந்து சென்ற பிறகு, இவ்விரு முதியவரும் தம் பெயரின் சொந்தக்காரரை நினைக்கின்றனர். இசைத்தட்டு முழுவதிலும் நம்மை மிகவும் தொடுவது இந்த இடமே. உலகப் புகழ் பெற்ற வீட்டுக்காரர்கள், தாமும் விருந்தினரே என்று இங்கு ஒப்புக்கொள்கின்றனர்.

அந்த வீட்டுக்குரியவர் யார்? மக்கின்லி மோர்கன்ஃபீல்ட் என்பது மட்டி வோட்டர்ஸின் இயற்பெயர். மிசிசிப்பி மாநிலத்தின் ஸ்டோவல் பருத்தித் தோட்டத்துத் தொழிலாளி. 1941இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் சார்பில் அலன் லோமக்ஸ் என்பவர் ஒலிப்பதிவுக் கருவியுடன் அத்தோட்டத்துக்கு வந்து அவருடைய பாடல்களைப் பதிவு செய்தார். பதிவான தட்டின் பிரதிகளும் 20 டொலருக்கான காசோலையும் பின்னர் அவருக்கு அனுப்பப்பட்டன. தொகை சிறிதே. ஆயினும் தன் குரல் தனக்கே திரும்பி வந்ததைக் கேட்டபோதுதான் தான் ஒரு பாடகன் என்ற நம்பிக்கை அத்தொழிலாளிக்கு உறுதிப்பட்டது. 1943இல் தோட்டத்தை விட்டுச் சிக்காகோ நகருக்குப் புறப்பட்டார். பெயரோடு பதிவானதும், பதிவு அவர் கைக்கே வந்ததும் ஒரு மனிதனின் வாழ்வை மாற்றிய இவ்விரண்டு செயல்களையும் வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

முதுமையில் அவருக்கும் விருந்துக் கலைஞர்கள் வந்தனர். 1968இல் அவருடைய கம்பெனி, இளைஞரைக் கவர்வதற்காகக் காலத்துக்கேற்ற மின்னிசை ஆரவாரங்களுக்கு நடுவே அவரை நிறுத்தி ஓர் இசைத்தட்டைத் தயாரித்தது. அவரே பின்னர் அதை இகழ்ந்தார். அடுத்த ஆண்டு ‘ஃபாதர்ஸ் அண்ட் சன்ஸ்’, அதாவது தந்தையரும் மைந்தரும், என்ற பெயரில் மைக் புளூம்ஃபீல்ட், போல் பட்டர்ஃபீல்ட் முதலிய வெள்ளையின இளைஞர்கள் அவருடன் வாசித்தனர். 1977இல் ஜோனி வின்ற்றர் தயாரித்த ‘ஹார்ட் அகெய்ன்’ வெளிவந்தது. முதலாவதற்கும் பின்னவற்றுக்கும் உள்ள வேறுபாடு எங்கே இருக்கிறது? முதலாவதில் பாடகர் தம் வீட்டிலேயே அந்நியராக்கப்பட்டார். பின்னவற்றில் இளையவர்கள் அவருடைய தாளத்துக்குத் தம் கையைப் பழக்கிக்கொண்டனர். வந்தவர் வீட்டு முறையை அறிந்து நடந்தனர். 1981இல் சிக்காகோவின் சிறிய மண்டபம் ஒன்றில் மட்டி வோட்டர்ஸ் பாடிக்கொண்டிருந்தபோது றோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் சென்று அவர் அழைக்க மேடையேறினர். அரங்குகளை நிரப்பும் கோடீசுவரர்கள் அன்றிரவு விருந்தினராய் நின்றனர்.

மரியாதை வேறு, கூலி வேறு என்பதையும் மறத்தலாகாது. மட்டி வோட்டர்ஸுக்காக வில்லி டிக்சன் எழுதிய பாடலொன்றின் வரிகள், 1969இல் ‘லெட் செப்பலின்’ குழுவின் புகழ்பெற்ற பாடலொன்றில் அவர் பெயரின்றியே இடம்பெற்றன. டிக்சன் 1985இல் வழக்குத் தொடர்ந்தார். 1987இல் இணக்கம் ஏற்பட்டது. அதன்பின் அவர் பெயரும் சேர்க்கப்பட்டது. பெயர் வருவதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பிடித்தன. அதுவும் நீதிமன்றத்தின் வாசல் வரை சென்ற பிறகே.

விருந்து இசைத்தட்டை அளப்பதற்கு இவற்றிலிருந்து மூன்று கேள்விகளைப் பெறுகிறோம். பாட்டுக்குரியவர் வீட்டுக்காரராக நிற்கிறாரா, ஓரத்தில் உட்கார வைக்கப்படுகிறாரா? அவர் பெயர் உரிய இடத்தில் இருக்கிறதா? உழைப்பின் பயன் அவரை அடைகிறதா? இக்கேள்விகளோடு நம் தமிழுலகத்தின் பக்கம் திரும்புவோம்.

ஜாகர் பிறந்த அதே 1943ஆம் ஆண்டில் பிறந்தவர் இளையராஜா. அவருடைய தமையனார் பாவலர் வரதராஜன் பொதுவுடைமைக் கட்சியின் மேடைப் பாடகர். 1958இல் கேரளத்தின் தேவிகுளம் இடைத்தேர்தலில், தேயிலைத் தோட்டத் தமிழ்த் தொழிலாளரிடையே அவர் பாட்டால் செய்த பிரசாரம் இன்றும் பேசப்படுவது. அக்குழுவில் வளர்ந்த இளையவர், 2025 மார்ச் 8ஆம் நாள் இலண்டனில், தாம் இயற்றிய ‘வேலியண்ட்’ சிம்பொனியை றோயல் பில்ஹார்மொனிக் இசைக்குழுவைக் கொண்டு அரங்கேற்றினார். அப்பொழுது அவருக்கு 81 வயது. அங்கே விருந்தினர் யார்? இயற்றியவர் அவர், வாசித்தவர்கள் அவருடைய ஏட்டைப் பார்த்து வாசித்தனர். அந்த இசையை எப்படி மதிப்பிடினும், முதிய கலைஞர் ஒருவர் தம் வீட்டின் தலைவராக நின்ற காட்சி அது என்பதை மறுக்க இயலாது.

ஆயினும் இளையராஜா தனியொருவர். திரைத்துறையின் அரை நூற்றாண்டு வெற்றி அவருக்குத் துணை நின்றது. துணை ஏதும் இல்லாத பாட்டு வெளியுலகுக்குச் சென்றபோது நேர்ந்ததைக் காண வேண்டுமாயின், 2021 மார்ச்சில் வெளிவந்த ‘எஞ்சாயி எஞ்சாமி’யைக் கேட்க வேண்டும்.

அரக்கோணத்தைச் சேர்ந்த இளங்கவிஞர் அறிவு, பாடகி தீயுடன் இணைந்து பாடிய பாடல் அது. இசைத் தயாரிப்பு சந்தோஷ் நாராயணன். வெளியிட்டது ஏ. ஆர். ரகுமானின் ஆதரவோடு தொடங்கப்பட்ட ‘மாஜா’ நிறுவனம். அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்துப் பின் தமிழகம் திரும்பியவர். அவருடைய வாழ்வும் நினைவுமே பாடலின் மூலப்பொருள். ஒப்பாரியின் ஓலமும் தாத்தன் பாட்டன்மாரின் உழைப்பும் நிலமற்றவரின் ஏக்கமும் அதில் உண்டு. 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் ஏற்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கும் மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கும் என்று மனிதரைப் பங்கு பிரித்தது. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரின் தலைவிதி பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைக்கப்பட்டது. ஒப்பந்த ஏட்டில் வெறும் எண்களாக இருந்த இம்மக்களின் வாழ்வு, ஒரு பேரனின் குரலில் உலகெங்கும் பல கோடி முறை கேட்கப்பட்டது. மலையக மக்களின் வாழ்வு இவ்வளவு பேரின் செவிகளை எட்டியது இதற்கு முன் நிகழ்ந்ததில்லை என்றே சொல்லலாம்.

அதன் பின் நடந்தவை படிப்பினைக்குரியவை. 2021 ஓகஸ்டில் ‘றோலிங் ஸ்டோன்’ சஞ்சிகையின் இந்தியப் பதிப்பு இந்தப் பாடலையும் வேறொன்றையும் பற்றி எழுதியபோது, அட்டையில் தீயும், ஷான் வின்சென்ட் டி போலும் இருந்தனர். பாடலை எழுதிய அறிவு இல்லை. இயக்குநர் பா. ரஞ்சித் உள்ளிட்டோர் கண்டித்தனர். பின்னர் அறிவின் படத்துடன் இணைய அட்டை ஒன்று வெளியாயிற்று. அச்சஞ்சிகையின் பெயரும் மட்டி வோட்டர்ஸின் பாடலோடு தொடர்புடையது என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். பருத்தித் தோட்டத் தொழிலாளியின் பாடலிலிருந்து தன் பெயரைப் பெற்ற ஏடு, தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் பேரனை அட்டையில் வைக்க மறந்தது.

2022 ஜூலையில் சென்னையில் நடந்த சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அப்பாடலைத் தீயும், மூத்த நாட்டுப்புறப் பாடகி கிடாக்குழி மாரியம்மாளும் பாடினர். அறிவு அங்கில்லை. பாடலை எழுதி, மெட்டமைத்து, பாடியவர் தாமே என்று அவர் வேதனையோடு அறிக்கை வெளியிட்டார். அவருக்கு உரிய இடம் எப்பொழுதும் கொடுக்கப்பட்டது என்று தீயும், அவர் அழைக்கப்பட்டும் அமெரிக்காவில் இருந்தமையால் வர இயலவில்லை என்றும் மெட்டு கூட்டுழைப்பே என்றும் சந்தோஷ் நாராயணனும் பதிலளித்தனர். 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன், அப்பாடலால் தமக்கும் மற்ற இருவருக்கும் வருவாய் எதுவும் வரவில்லை என்று பகிரங்கமாகக் கூறினார்.

யார் சொல்வது சரி என்று தீர்ப்பு வழங்குவது நம் நோக்கமன்று. கலைஞர்களுக்குள் மூண்ட மனத்தாங்கலை ஊதிப் பெருக்குவதிலும் நமக்கு விருப்பமில்லை. மூவரும் திறமையாளர், மூவரின் உழைப்பும் அதில் இருக்கிறது. நாம் சுட்டுவது வேறு. ‘நான் எழுதினேன்’, ‘நான் இசையமைத்தேன்’, ‘நான் பாடினேன்’ என்ற இந்த வழக்கில் வள்ளியம்மாள் எந்தப் பத்தியில் வருகிறார்? அவர் வாழ்ந்து பெற்ற சொற்கள், அவர் தலைமுறை அழுது பெற்ற இராகம், எவர் பங்கில் சேர்க்கப்பட்டன? அறிவு தம் பாட்டியின் பெயரைப் பாடலிலேயே சொல்லிவிட்டார். அது அவருக்குப் பெருமை. ஆனால் வியாபார உலகத்தின் ஏட்டில் அந்தப் பெயருக்கு நிரல் கிடையாது. கிடாக்குழி மாரியம்மாள் போன்ற மூத்த பாடகி, தம் வாழ்வெல்லாம் பாடிய நாட்டுப்புறப் பாட்டின் வீட்டுக்கே விருந்தினராக அழைத்து வரப்படுகிறார். இந்த முறையை மாற்றாதவரை, எந்தப் பெயரை அட்டையில் முதலில் போட்டாலும் நீதி முழுமை பெறாது.

பாடல் வெளிவந்த அதே 2021 மார்ச்சில்தான், இலங்கையின் தோட்டத் தொழிலாளருக்கு நாட்சம்பளம் 1000 ரூபா என்று அரசிதழில் அறிவிக்கப்பட்டது. அதற்காக அவர்கள் ஆண்டுக்கணக்கில் போராடியிருந்தனர். அறிவித்த பின்னரும் கம்பெனிகள் நீதிமன்றம் சென்றன. பாட்டை உலகம் கொண்டாடிய நாட்களில், பாட்டின் மக்கள் நிலை இதுவாக இருந்தது.

இனி நம் மலைகளுக்கு வருவோம். இங்கே முதிய இசைக் கலைஞர் இல்லையா? மாசி மாதத்தில் காமன் கூத்து நடக்கும் தோட்டங்களில் ரதிக்கும் மதனுக்கும் பாட்டுச் சொல்லிக் கொடுக்கும் கூத்து வாத்தியார்கள் உளர். பொன்னர் சங்கரையும் அருச்சுனன் தபசையும் விடிய விடியப் பாடக்கூடியவர்கள் உளர். தப்பின் அடிகள் ஒவ்வொன்றுக்கும் வேறுபாடு அறிந்து, சாமிக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி, கலியாணத்துக்கு ஓர் அடி என்று கையால் பேசக்கூடிய முதியோர் உளர். இழவு வீட்டில் நின்ற நிலையில் ஒப்பாரி கட்டும் கிழவியர் உளர். இவர்களுக்கு இசைத்தட்டு இல்லை; விருந்தினரும் வருவதில்லை.

இம்மக்களின் பாட்டை ஏட்டில் ஏற்றிய முன்னோடிகளை நன்றியோடு நினைக்க வேண்டும். 1931இல் தோட்டத் தொழிலாளருக்கு முதன்முதல் சம்மேளனம் அமைத்த கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மை, தொழிலாளர் நிலையைப் பாடல்களாக எழுதி அச்சிட்டுக் கூட்டங்களில் பாடினார். 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் சென்ற கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை, லயங்களில் பாடப்பட்டவற்றைத் திரட்டி ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்ற நூலாக அளித்தார். 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்ட மக்களின் குரல் அழிந்துவிடாமல் காத்தவர் அவர். அவர் விட்ட இடத்திலிருந்து நாம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம்? பாட்டு ஏட்டுக்கு வந்தது, பாடியவர் வரவில்லை. நாட்டார் பாடல் என்ற பெயரே, இது எவருக்கும் உரியதன்று, எல்லோரும் எடுத்துக்கொள்ளலாம் என்று பொருள்படுமாறு வழங்கப்படுகிறது. எவருக்கும் உரியதன்று என்று நாம் ஒதுக்கியதைத்தான் கம்பெனி தனக்குரியதாக்கிக்கொள்கிறது.

சட்டமும் இவ்விடத்தில் நமக்கு அதிகம் உதவுவதில்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நாட்டார் கலை வெளிப்பாடுகளுக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. ஆனால் அவற்றை வியாபாரத்துக்குப் பயன்படுத்த அனுமதி தருபவர் அமைச்சர் குறிக்கும் அதிகாரி. பெறப்படும் பணம் செல்வது பொதுவான கலாசார அபிவிருத்திக்கு. பாடிய கிழவிக்கோ அவள் தோட்டத்துக்கோ நேரடியாக ஒரு வாக்கும் இல்லை.

இங்கே நம் தோழர் சிலர் ஓர் ஆட்சேபம் எழுப்பக்கூடும். ‘தப்பும் கூத்தும் அடிமைக் காலத்தின் எச்சங்கள். விடியற்காலையில் ஆட்களைப் பிரட்டுக்கு எழுப்பத் துரை அடிக்கச் சொன்ன பறை அது. சாதியின் பேரால் சிலர் தலையில் கட்டப்பட்ட ஊழியம் அது. அதைப் போற்றுவது முற்போக்காகுமா?’ என்பர். இது மிக நியாயமான கேள்வி. எளிதில் தட்டிக்கழிக்கக் கூடாதது. ‘என் தகப்பனோடு இது முடியட்டும்’ என்று சொல்லித் தப்பைத் தொட மறுக்கும் இளைஞன் பண்பாட்டுத் துரோகி அல்லன். சாவு வீட்டில் கூலியின்றி அல்லது அற்பக் கூலிக்கு நின்று அடிக்க வேண்டிய கட்டாயத்தை அவன் உதறுகிறான். அந்த உதறலில் சுயமரியாதை இருக்கிறது. அவனைக் கண்டித்துவிட்டு மேடையில் தப்பைப் போற்றிப் பேசும் கனவான்களை நாம் நம்புவதற்கில்லை.

ஆனால் கட்டாயம் வேறு, கலை வேறு. பருத்தித் தோட்டத்துப் பாட்டும் அடிமைத்தனத்தின் நடுவே பிறந்ததுதான். அதைப் பாடியவன் தோட்டத்தை விட்டு வெளியேறினான். பாட்டைத் தன்னோடு கொண்டு சென்றான். துரையிடம் விட்டுச் செல்லவில்லை. பிரட்டுக்கு எழுப்பிய அதே தோல்தான் காமன் பண்டிகையில் மக்களை ஆட வைத்தது. எவன் கட்டளையால் அடிக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தே அதன் பொருள் மாறுகிறது. சாதி நோக்காது விரும்பிய எவரும் கற்கும் கலையாக, கற்பிக்கும் முதியவருக்கு ஆசிரியர் என்ற பெயரும் ஆசிரியருக்குரிய கூலியும் கிடைக்கும் கலையாக அது மாறுமானால், இளைஞன் மறுத்த ஊழியம் ஒழிந்து, அவன் பெருமையோடு ஏற்கக்கூடிய இசை எஞ்சும்.

வேறொன்றையும் எண்ண வேண்டும். ஜாகரும் இளையராஜாவும் எண்பது வயதில் புதிதாகப் படைக்கின்றனர் என்றால், அதற்கு மேதைமை மட்டும் காரணமன்று. உடல்நலம், ஓய்வு, கருவி, நேரம் ஆகியன அவர்களுக்கு உண்டு. பல தோட்டங்களில் நாளொன்றுக்கு 18 கிலோவும் அதற்கு மேலும் கொழுந்து பறிக்க வேண்டிய பெண்ணுக்கு மலையில் பாட மூச்சு ஏது? வீடு திரும்பியபின் பாட நேரம் ஏது? அவள் அறுபது வயதை எட்டும்போது அவளோடு எத்தனை மெட்டுகள் பாடப்படாமலே முதுமை அடைகின்றன? முதிய கலைஞரின் புதிய படைப்பு என்பது கலைப் பிரச்சினை ஆவதற்கு முன்னரே கூலிப் பிரச்சினையாக இருக்கிறது. சம்பளப் போராட்டத்தையும் பண்பாட்டு வேலையையும் இரண்டு தனி அறைகளில் வைத்திருக்கும் நம் இயக்கங்கள் இதை உணர வேண்டும்.

இன்று மலையகத்து இளைஞர் பலர் கைத்தொலைபேசியிலேயே பாடல் பதிவு செய்து வெளியிடுகின்றனர். இது வரவேற்கத்தக்கது. இவர்களில் ஒருவர் நாளை ஒரு கூத்து வாத்தியாரையோ ஒப்பாரிக் கிழவியையோ தேடிச் செல்லக்கூடும். செல்ல வேண்டும் என்பதே நம் ஆவல். செல்பவர் நினைவில் கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. அந்த முதியவரின் குரலில் நான்கு விநாடியை வெட்டியெடுத்துத் தம் பாட்டின் முகப்பில் ஒட்டிக்கொண்டு, அவரைக் ‘கிராமியக் குரல்’ என்று பெயரின்றிக் குறிப்பது கொள்ளை. மட்டி வோட்டர்ஸிடம் சென்ற இளைஞர்களைப் போல, அவர் தாளத்தை முதலில் கற்று, அவர் பாடும்போது பின்னின்று வாசித்து, அட்டையில் அவர் பெயரை முதலில் எழுதி, வரும் வருவாயைப் பங்கிட்டுக்கொள்வதே தோழமை.

ஆசிரியரும் மாணவரும் இதற்கெனப் பெரிய நிறுவனம் எதற்கும் காத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு தோட்டப் பாடசாலையும் தன்னைச் சூழ்ந்த டிவிசன்களில் பாடக்கூடிய, கூத்துச் சொல்லக்கூடிய, தப்படிக்கக்கூடிய முதியோரின் பட்டியலை இவ்வாண்டே தயாரிக்கலாம். பாடியவரின் முழுப்பெயர், தோட்டம், அவர் எவரிடம் கற்றார் என்ற விவரம், பதிவு செய்த நாள் ஆகியவற்றை எழுதிவைக்கலாம். அவருடைய சம்மதத்தைக் கேட்டே பதிவு செய்யலாம். பதிவின் பிரதி ஒன்றை அவர் கையிலேயே கொடுக்கலாம். பாடசாலை விழாவுக்கு அவரை அழைத்தால் பொன்னாடையோடு நிறுத்திவிடாமல் கூலியும் கொடுக்கலாம். 2023இல் மலையக மக்களின் 200 ஆண்டு வரலாற்றை நினைவுகூரத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தவர்கள், முன்னோர் நடந்த வழியை நமக்குக் காட்டினர். அவ்வழியில் நடந்தவர்கள் பாடிச் சென்ற பாட்டின் மிச்சம் இன்னும் சிலர் நெஞ்சில் இருக்கிறது. அவர்கள் எழுபதையும் எண்பதையும் தாண்டியவர்கள்.

அவர்களுடைய புதிய இசைத்தட்டு இனிமேல்தான் வெளிவர வேண்டும். அது வெளிவரும்போது வாசலில் நின்று வரவேற்பவர்கள் அவர்களாகவும், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே செல்பவர்கள் நாமாகவும் இருக்க வேண்டும்.